நிழலைப் பார்த்து ஓடாத நண்டுகள்

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் வேலை பார்த்த வீட்டிலிருந்து நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. திருப்பாலைவனம் போனால் பஸ் கிடைக்கும். எந்த ஊர் பஸ் என்பதை ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம். எட்டாவதில் பள்ளியை விட்டதிலிருந்து ஒவ்வொரு ஊரையும் இப்படித்தான் விட்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் ஒரு மேடம் நண்டின் மூளையை ஆராய்ந்தார். பத்து வருடம் எலி மூளையோடு மல்லுக்கட்டியவர். நண்டுக்கு நரம்பணுக்கள் குறைவு, எது எதோடு பேசுகிறது என்று பிடித்துவிடலாம் என்று இங்கே வந்தார். தொட்டிக்கு மேலே அட்டையால் நிழல் காட்டுவார். நண்டு பயந்து ஓடும்போது எந்த நரம்பு வேலை செய்கிறது என்பதைத் தலையில் செருகிய முடி போன்ற கம்பி கணினிக்குச் சொல்லும். ஏரியில் நண்டு பிடித்துக் கொடுப்பது என் வேலை.

சில நண்டுகள் ஓடவில்லை. கொடுக்கை நீட்டிக்கொண்டு நிழலை நோக்கி வந்தன. பிறவியிலேயே இரண்டு வகை மூளை என்று மேடம் கட்டுரை எழுதிவிட்டார். மறுநாள் அனுப்ப வேண்டும். அவர் வேலை நீடிப்பதே அதை நம்பித்தான்.

அன்று காலை எனக்குப் படித்துக் காட்டினார். நான் உண்மையைச் சொன்னேன். காற்று பலமான நாட்களில் நான் ஏரியில் இறங்கவில்லை. பக்கத்து ஊரான பசியாவரத்தில், ஓடு கழற்றிய இளக்கமான நண்டுகளை வலைத்தடுப்புக்குள் விட்டு, மீன் துண்டு போட்டுச் சதையேற்றுவார்கள். அவற்றை வாங்கிக் கலந்துவிட்டேன். எங்களுக்கு நண்டு என்றால் நண்டு. அந்த நண்டுகளுக்கோ, தலைக்கு மேல் நிழல் விழுந்தால் சாப்பாடு.

“எந்தெந்த நண்டு?”

“தெரியாது மேடம். எல்லாம் ஒரே கூடை.”

“எட்டாவது படிச்சவனை நம்பினேன் பாரு.”

“அவன் சொல்லலைன்னா நாளைக்கு நீங்க பொய்யை அனுப்பியிருப்பீங்க.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அதற்குப் படிப்பை ஏன் இழுக்க வேண்டும்?

இப்போது வழியில் மேடம் ஸ்கூட்டரில் வந்து மறித்தார். கட்டுரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

“சாப்பாட்டுக்காகப் பழகிச்சுன்னு எப்படிச் சொல்ற? பிறவியாவும் இருக்கலாமே.”

“பழகினதுதான். நான் காட்டுறேன்.”

“அப்போ திரும்ப வேலைக்கு வா.”

“உங்ககிட்ட வேணாம் மேடம்.”

மறுநாள் காலை பசியாவரம் போய், வலைத்தடுப்புக்காரரிடம் தீனி போடும் வேலை கேட்டேன். புதிதாக விடும் நண்டுகளில் பாதியைத் தனியே தடுத்து, அவற்றுக்கு நிழல் விழாமல் ஓரத்திலிருந்து மூங்கில் குழாய் வழியாகத்தான் தீனி போடுவேன் என்றேன்.

“இன்னா நைனா, நண்டுக்கு ஸ்ட்ரா வெச்சு ஊட்டப் போறியா?” என்று சிரித்தவர், போட்டுத் தொலை என்றார்.

இந்தப் பாதி மட்டும் நிழலைப் பார்த்து ஓடினால், மற்றவை பழகினவைதான். வலையைக் குறுக்கே கட்டிவிட்டு மீன் வெட்ட உட்கார்ந்தேன்.