கேமராவுக்குப் பின்னால் ஒரு தாய்மாமன்

நான் இருக்கும் ஸ்வீடன் நகரத்தில், என் மகள் போகும் மழலைப் பள்ளியின் கதவில் ஒரு கேமரா படம் ஒட்டி, அதன் மேல் சிவப்புக் கோடு அடித்திருக்கிறார்கள். வசந்தம் வந்ததும் அங்கே குழந்தைகள் வரிசையாக நின்று பாடுவார்கள். பெற்றோர்கள் சின்னஞ்சிறு நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்ப்பார்கள். முதல் வருடம் எனக்குக் கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் போனை எடுத்துவிட்டேன். ஆசிரியை என் காதருகே குனிந்து, "நீங்கள் பாருங்கள், அது போதும்" என்றார். பெற்ற பிள்ளையைப் படம் எடுக்கக்கூட அனுமதி கேட்க வேண்டுமா, இது என்ன ஊர் என்று வீடு வந்து சேரும்வரை மனைவி ரேவதியிடம் பொரிந்து தள்ளினேன். நம் திருச்சியில் வீடியோ இல்லாமல் ஒரு விசேஷம் நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த வீம்பிலேயேதான் கேம்கார்டர் வாங்கக் கிளம்பினேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் தங்கை மீனாவின் மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். ரேவதிக்கு லீவு கிடைக்கவில்லை. அவளும் மகளும் பார்க்க வேண்டுமே என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். போன் போதாதா என்று ரேவதி கேட்டாள். நம் ஊர் வெயிலில் போன் சூடாகி நின்றுவிடும், ஜூம் பண்ணினால் முகம் கலங்கிவிடும் என்றேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. நான் திருச்சி கைலாசபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். என் அப்பா அங்கே ஆலைத் தொழிலாளி. வெளிநாட்டிலிருந்து யாராவது வீடியோ கேமராவோடு வந்து இறங்கினால் குவார்ட்டர்ஸ் முழுக்க வேடிக்கை பார்க்கும். அப்படி ஒருநாள் நானும் வந்து இறங்க வேண்டும் என்று எத்தனையோ வருட ஆசை.

கடையில் இருந்த இளைஞன் பொறுமைசாலி. எது கை நடுங்கினாலும் படம் ஆடாது, எது கூட்டத்திலும் பேச்சைத் தெளிவாகப் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். பிறகு, "படத்தில் யாரெல்லாம் இருப்பார்கள்?" என்று கேட்டான். எல்லோரும் என்றேன். "நீங்கள்?" என்றான். நான்தானே எடுக்கிறேன் என்றேன். அப்படியானால் ஒரு ஸ்டாடிவ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றைக் காட்டினான். இதையும் என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. "என் குடும்பத்துக்கு என்னைப் படத்தில் பார்க்க வேண்டிய அவசியமில்லை" என்று எனக்குத் தெரிந்த ஸ்வீடிஷில் சொன்னேன். அவன் என்ன புரிந்துகொண்டானோ, முகம் மாறி, "வருந்துகிறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு பில் போட்டான். அவனை நினைத்து ரயிலில் வரும்போது சிரித்துக்கொண்டேன்.

ஊருக்குப் போனதும் கேமராவைக் கீழே வைக்கவில்லை. காவிரிப் பாலம், மலைக்கோட்டை, மீனா வீட்டு மொட்டை மாடியிலிருந்து ராஜகோபுரம், எதையும் விடவில்லை. அம்மாவை நடந்து வரச் சொன்னால், போட்டோவுக்கு நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். "நடந்து வாம்மா, இது வீடியோ" என்பேன். "நிக்கிறப்பவே எடுத்துக்கடா. நடந்தா ஆடிடும்" என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

காதுகுத்து மருங்காபுரிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில். கம்மல், பட்டுப் பாவாடை, பழத்தட்டு என்று தாய்மாமன் சீர் எல்லாம் நான்தான் கொண்டுபோயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து ஆசாரி உட்கார்ந்தார். "தாய்மாமன் வந்து உக்காருங்க. புள்ளய மடியில வாங்கிக்கங்க" என்றார். எனக்கு அப்போது அருமையான இடம் கிடைத்திருந்தது. கோயில் படியில் நின்றால் குழந்தையின் முகம், ஆசாரியின் விரல், இலைகளுக்கு நடுவே விழும் வெயில் எல்லாம் ஒன்றாக வரும். மணப்பாறையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மகன் செல்வத்தைக் கூப்பிட்டேன். அவனும் மீனாவுக்கு அண்ணன் முறைதான்.

"செல்வம், நீ உக்காருடா. நான் இங்கேருந்து எடுத்தாத்தான் நல்லா வரும்."

"அண்ணே, நீங்க இருக்கப்ப நான் எப்படி..." என்று அவன் தயங்கினான்.

"டேய், மாமன் மடிடா அது" என்றார் அம்மா.

"ஒரு நிமிஷம்மா. வெயில் போயிடும்."

செல்வம் உட்கார்ந்தான். குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு மீனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜூம் பண்ணினேன். "மீனா, கொஞ்சம் தள்ளிக்க, மறைக்குது" என்றேன். அவள் தள்ளி நின்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "வீடியோக்காரத் தம்பி, வேலைக்கு வந்தவங்களுக்குக் கடைசிப் பந்தி இருக்கு. நீங்க அதுல உக்காந்து நிதானமா சாப்பிடுங்க" என்றார். நான் பெரிதாகச் சிரித்து, நான் மீனாவின் அண்ணன் என்றேன். அவர் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் சோபாவில் ரேவதியையும் மகளையும் உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். படம் பிரமாதமாக வந்திருந்தது. கம்மல் ஏறிய நொடியில் யாழினி வீரிட்டு அழுது, செல்வத்தின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதும், அவன் அவள் காதில் ஊதி ஊதிச் சமாதானம் செய்வதும் அவ்வளவு தெளிவு. "நீங்க எங்கப்பா?" என்றாள் மகள். நடுவே என் குரல் கேட்டது, "மறைக்குது" என்று. ரேவதி ரிமோட்டை எடுத்து அதை நிறுத்தினாள். "மீனாவுக்குக் கூடப்பிறந்தது நீங்க ஒருத்தர்தானே?" என்று மட்டும் கேட்டாள். என் காது சூடாகிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரிந்தது. இத்தனை தூரம் பறந்து போய், கைநீட்டி வாங்க வேண்டிய குழந்தையைக் கேமராக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாராவாரம் பேசினேன், கேட்கவில்லை. இப்போது மீனாவுக்கு ஒரு மகனும் பிறந்து, அவனுக்குக் காதுகுத்து வருகிறது. போன வாரம் கூப்பிட்டாள். "அண்ணே, மடிக்குச் செல்வண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நீ கேமராவ மறக்காமக் கொண்டாந்துரு, என்ன? போன தடவ எவ்வளவு நல்லா எடுத்திருந்த!" குரலில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் உண்மையாகவே எனக்கு ஒரு இடம் ஒதுக்கி, நான் சந்தோஷப்படுவேன் என்று நம்பிச் சொன்னாள். மடி எனக்கு வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிம்மா, இன்னொரு பேட்டரியும் வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நேற்று அதே கடைக்குப் போய் ஸ்டாடிவ் வாங்கி வந்தேன். அந்த இளைஞன் இப்போது அங்கே இல்லை. கேமராவை அதில் மாட்டி ஓடவிட்டுவிட்டால், மரத்தடியில் என் கை காலியாக இருக்கும். செல்வத்தை எழுந்திருக்கச் சொல்லும் துணிச்சல் வருமா, மீனா அதற்குச் சம்மதிப்பாளா, தெரியாது. கை காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று கூடத்தில் ஸ்டாடிவை நிறுத்திப் பார்த்தேன். ஜமுக்காளத்தில் உட்காரும் குழந்தையின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி வைத்து, நானும் தரையில் சப்பணமிட்டு, ஒரு தலையணையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். திரையை என் பக்கம் திருப்பியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத பிர்ச் மரம், உள்ளே என் வேட்டி, மடி, மடியில் தலையணை, எல்லாம் அதில் வந்திருந்தது. மகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்க தலையக் காணோம்."

ஸ்டாண்டை உயர்த்தலாம் என்று எழுந்தவன், அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். தலை இல்லாவிட்டால் போகட்டும், மடி முழுசாக வந்திருக்கிறது.