தேன் சுத்தமானது, அதுதான் சிக்கல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. செஞ்சி கூட்டு ரோட்டில், புளியமரத்தடியில் வாளியோடு உட்கார்ந்திருக்கும் தேன்காரர் முன்னால் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, உண்மைய சொல்லுங்க. போன வாரம் எனக்குக் குடுத்தீங்களே, அது சர்க்கரைப் பாகுதானே? நான் சண்டைக்கு வரல. பாட்டிலத் திருப்பித் தரவும் வரல. போலின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கும்பிட்டுட்டுப் போயிடறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்திருக்க மாட்டார்.

நான் ஏன் அங்கே போய் நின்றேன்? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சந்தேக புத்தி புதிதல்ல. சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டாமல் கையெழுத்துப் போடமாட்டேன். பால் பாக்கெட்டில் தேதியைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிப்பேன். பெங்களூரிலிருந்து மகள் ஓவன் அனுப்பியபோது, அது காட்டுகிற சூட்டை நம்பாமல் உள்ளே வைக்கத் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். ஓவன் 180 என்றது, தெர்மாமீட்டர் 165 என்றது. பார்த்தீர்களா? அதற்கப்புறம் அந்தத் தெர்மாமீட்டர் சரியா என்று ஒரு சந்தேகம் வந்தது... அதை விடுங்கள்.

இனி பத்மாவதி. என் பக்கத்து வீட்டுக்காரி. சொந்த ஊர் மேல்சித்தாமூர், சமணக் குடும்பம். முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டு கிடையாது. மண்ணுக்குள் விளைகிற உருளைக்கிழங்கு, கேரட் கிடையாது. பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாடே கிடையாது. ஏழு வருடப் பழக்கம். எல்லாம் எனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டில் எது செய்தாலும், அவள் சாப்பிடுகிற சங்கதியாக இருந்தால், ஒரு தட்டு அங்கே போகும். வாங்கிக்கொள்வாள். "இன்னாக்கா இது, வாசனையா இருக்குது" என்பாள். உள்ளே கொண்டுபோய் வைப்பாள். அவ்வளவுதான். என் எதிரில் ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. நான் போவது சாயங்காலம் ஆறரை மணிக்கு, அந்நேரத்துக்கு அவள் எதுவும் தொடமாட்டாள் என்பது தெரியும். ஆனாலும் ஒரு நாளாவது, "இதுல இன்னா போட்டிருக்கீங்க?" என்று கேட்க வேண்டாமா?

கேட்டதே இல்லை.

இத்தனை கட்டுப்பாடு உள்ளவள் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? சாப்பிடுவதில்லை என்றுதானே அர்த்தம்? என் பலகாரம் அத்தனையும் அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்குத்தான் போகிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். "உனக்கு வேற வேலை இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். அவர் எப்போதுமே அப்படித்தான், யாரையும் நம்பிவிடுவார்.

இரண்டு வாரத்துக்கு முன் பத்மா ஒரு பை நிறைய நார்த்தங்காயோடு வந்தாள். அவர்கள் நிலத்து மரத்தில் காய்த்தது. மகளுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீடு வந்தவாசிப் பக்கம் என்றாள்.

"அக்கா, ரெண்டு பிஸ்கட்ட ஒட்டி, நடுவுல ஓட்ட போட்டு ஜாம் தெரியற மாதிரி செய்வீங்களே, அது அறுபது வேணும். சம்பந்தியம்மா கடைப் பலகாரம் கையால தொட மாட்டாங்க. எங்க பக்கத்து வீட்டு அக்கா செய்யறாங்க, அதுக்கு நான் கேரண்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கேரண்டி! அந்த வார்த்தையில் கரைந்துபோனேன். என்னைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடம் எல்லோரும் ரசீதோடுதான் வருவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜாம் வேலை. நார்த்தங்காய் லேசுப்பட்டதில்லை. மேல்தோலை மெல்லிசாகச் சீவி, நூல் நூலாக நறுக்கி, மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்தால்தான் கசப்பு நம் சொல்பேச்சு கேட்கும். விதைகளை வெள்ளைத் துணியில் முடிந்து கொதிக்கவிட்டால் கொழகொழவென்று ஒரு தண்ணீர் இறங்கும். ஜாம் இறுகுவது அதனால்தான். இது இறுகுமோ இறுகாதோ என்ற பயத்தில் தோலும் தண்ணீரும் இரண்டு மடங்கு தயார் செய்து, பாதியை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

போன தடவை என் ஜாமில் சர்க்கரை பூத்து, வாயில் மணல் மாதிரி நறநறவென்று இருந்தது. அடுப்பை அணைக்கும் முன் இரண்டு ஸ்பூன் தேன் விட்டால் பூக்காது என்று யூடியூபில் ஓர் அம்மா சொன்னார். அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ருசி பார்க்கிற இடம் வரும்போதெல்லாம் ஏன் வீடியோவை வெட்டுகிறார்? இருந்தாலும் தேன் யோசனை பிடித்திருந்தது.

தேன் என்றால் சும்மா ஊற்றிவிடுவேனா? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. செய்தித்தாளில் ஒரு சொட்டு, ஊறவில்லை. தீக்குச்சியை முக்கி உரசினேன், எரிந்தது. தெருநாய் நல்ல தேனை நக்காது என்பார்களே, அதையும் விடவில்லை. நாய் முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது, அப்புறம் போய்விட்டது. நான்கிலும் பாஸ். தாராளமாக இரண்டு ஸ்பூன் விட்டேன்.

சனிக்கிழமை பிஸ்கட். முட்டை இல்லாமல் வெண்ணெய், பொடித்த சர்க்கரை, மைதா மட்டும். வெண்ணெய் பொட்டலத்தின் பின்பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். என்றைக்கோ கேக்குக்கு முட்டை அடித்த கிண்ணம் என்பதால் பழைய கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுப் புதுக் கிண்ணம் எடுத்தேன். மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் வெட்டினேன். பாதி வட்டங்களின் நடுவில், சுடுதண்ணீரில் கழுவிய மாத்திரை பாட்டில் மூடியால் ஓட்டை போட்டேன். ஓவனை நம்பாமல் ஐம்பது வட்டம் கூடுதலாகவே சுட்டேன். ஜாம் தடவி, ஒட்டி, மேலே சர்க்கரைப் பொடி தூவி, மதியம் மூன்று மணிக்குள் அறுபதும் டப்பாவில் அடுக்கப்பட்டு பத்மா வீட்டுக்குப் போய்விட்டன. டப்பாவைத் திறந்து பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஆறரை. பத்தரைக்கு நிச்சயம். என் வீட்டுக்காரர் உடைந்த பிஸ்கட்டில் மீதி ஜாமைத் தொட்டுக் காபியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தேன் நல்ல தேன்தான் போலக்குது. வாசனை தூக்குது" என்றார்.

காபி டம்ளரோடு என் கை அப்படியே நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பத்மாவுக்குத் தொண்டைக்கட்டு. நான்தான் நாட்டு மருந்துக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஒரு சூரணத்தைக் கொடுத்து, "தேன்ல குழச்சி சாப்புடுங்கம்மா" என்றார். "எங்களுக்குத் தேன் ஆவாதுங்க. முட்டை மாதிரிதான், தொட மாட்டோம். வெந்நீர்ல சாப்புடறேன்" என்றாள் பத்மா. என் பக்கத்தில் நின்றுதான் சொன்னாள். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சூரண டப்பாவில் காலாவதித் தேதியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. தேன் சுத்தமா என்று நான்கு பரீட்சை வைத்தவள், அதை அந்த வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

அப்போதுதான் கூட்டு ரோட்டுக்கு ஓடினேன். தேன் போலியாக இருந்துவிட்டால்? வெறும் சர்க்கரைப் பாகாக இருந்துவிட்டால்? நான் தப்பித்தேன், பத்மாவின் கேரண்டியும் தப்பிக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் ஏமாந்திருக்க வேண்டும் என்று எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டு போனேன்.

தேன்காரர் வாளியை மூடினார். "இன்னாம்மா, காலைல வந்து இப்படிப் பேசறீங்க? பாறை இடுக்குல கயிறு கட்டி எறங்கி எடுத்தது. பாருங்க" என்று முழங்கையைக் காட்டினார். கொட்டின தடம் வரிசையாக வீங்கியிருந்தது. "என் புள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், ஒரு சொட்டு பாகு கிடையாது."

ஊரெல்லாம் போலி விற்கிறது. நான் போய்த் தேடினால் நேர்மையான ஆள்தான் கிடைக்க வேண்டுமா?

திரும்பி நடந்து வரும்போது மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. அறுபது பிஸ்கட்டில் இரண்டு ஸ்பூன். யாருக்குத் தெரியப் போகிறது? வீட்டுக்காரர் வாயைத் திறக்கமாட்டார். சம்பந்தியம்மா சாப்பிடுவார், நல்லாயிருக்கு என்பார், பத்மாவுக்குப் பெருமை... எல்லோரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டே ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. மறைப்பது இவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

நேரே பத்மா வீட்டுக்குப் போனேன். பட்டுப் புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சமையல்கட்டுக்குள் இழுத்துப் போய்ச் சொல்லிவிட்டேன்.

பத்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பூவைக் கீழே வைத்தாள்.

"ஏழு வருசமா உங்க வீட்டுத் தட்டு வருதுக்கா. ஒரு நாளாவது இன்னா போட்டீங்கன்னு கேட்டிருக்கனா? காலைல எழுந்து மொத வேலையா நானும் பொண்ணும் அதைத்தான் சாப்புடுவோம். உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். நீங்களே பாத்துப் பாத்துச் செஞ்சத நான் இன்னொரு வாட்டி பாக்கணுமான்னு இருந்தேன்."

சாப்பிட்டிருக்கிறாள். அத்தனை தட்டையும் சாப்பிட்டிருக்கிறாள்.

"இதுக்கு முன்ன எதுலயாவது தேன் போட்டீங்களாக்கா?"

"இல்ல பத்மா. இந்த ஒரு தடவதான்."

உண்மைதான். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். சிலிண்டர்க்காரரையும் பால்காரரையும் நான் பார்க்கிற பார்வை அது.

டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். மணி எட்டு. என் சந்தேக புத்தி செய்த ஒரே நல்ல காரியம், வீட்டில் ஐம்பது வட்டமும் வேகவைத்த தோலும் விதைத் தண்ணீரும் மிச்சம் இருந்தன. தேனுக்குப் பதில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, சின்னச் சட்டியில் ஜாம் கொதிக்கவிட்டேன். நடுவில் பத்மா வந்து என் சமையல்கட்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்றாள். அவ்வளவு வேலைக்கு நடுவில், பட்டுப் புடவையோடு. உதவி செய்யவா, கண்காணிக்கவா? நான் கேட்கவில்லை. தட்டில் ஒரு சொட்டு ஜாமை விட்டு விரலால் தள்ளிப் பார்த்தேன், சுருக்கம் விழுந்தது. இறுகிவிட்டது.

பத்தரைக்குத் தட்டில் இருபத்தைந்து பிஸ்கட் இருந்தன. சம்பந்தியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்மா அவர் பக்கத்தில் போய், "மொதல்ல செஞ்சதுல தெரியாம தேன் சேந்துடுச்சிங்க. அத எடுத்துட்டோம். இது காலைல புதுசா செஞ்சது, நான் பக்கத்துல நின்னேன்" என்றாள். மறைக்கவே இல்லை. நான் கதவோரத்தில் நின்றேன். சம்பந்தியம்மா கடித்தார். "நார்த்தங்காயா? நாங்க உப்புலதான் போடுவோம்" என்றார். இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

நிச்சயம் நன்றாக நடந்தது. அந்த அறுபதையும் இந்த வாரம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும்தான் தின்றுகொண்டிருக்கிறோம். தேன்காரர் மட்டும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நேற்று வெயில் இருக்கும்போதே, நாலரைக்கு, ஒரு தட்டு எலுமிச்சை ஜாம் பிஸ்கட்டோடு பத்மா வீட்டுக்குப் போனேன். சிரித்துக்கொண்டே வாங்கினாள். "இன்னா இன்னா போட்டிருக்கீங்கக்கா?" என்றாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, என் எதிரிலேயே ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஏழு வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி.

எனக்கோ, ஒன்றும் கேட்காமல் அவள் உள்ளே கொண்டுபோய் வைப்பாளே, அந்தத் தட்டுதான் மறுபடியும் வேண்டும்.