துரையின் தட்டு

என் மகள் இரண்டு கிளி வாங்கியிருக்கிறாள். நம்முடைய பச்சைக் கிளி இல்லை. அதைக் கூட்டில் வைத்தால் இப்போது சட்டத்தில் பிடிப்பார்களாம். இது வெளிநாட்டு இனம். மஞ்சள் தலையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டுமாகக் கோயில் திருவிழாவுக்கு வெளிக்கிட்ட பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. உப்புவெளியில் அவளுடைய வீட்டுக்குப் போனால் எனக்குத் தேநீர் வருவதற்கு முதல் அதுகளுக்குச் சாப்பாடு போகிறது. போனில் யாரோ ஒரு மிருக வைத்தியர் சொல்லச் சொல்ல இவள் வெட்டுகிறாள். வெறும் சூரியகாந்தி விதையைக் கொடுத்தால் ஈரலில் கொழுப்பு ஏறுமாம். கீரையும் மரக்கறியும் நிறைய வேண்டுமாம், பழம் கொஞ்சம் போதுமாம். உப்பு கூடவே கூடாதாம்.

"அம்மா, உங்கட காலத்தில சோத்தையும் பாணையும் போட்டே கிளியளைக் கொண்டிருப்பீங்கள்" என்றாள், பெரிய ஆள் மாதிரி.

கிண்ணத்தில் ஊறிக்கிடந்த பயற்றின் பச்சை மணம் மூக்கில் ஏறியது. கிளிக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பதென்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. நான் அதை அடிச் சத்தத்தோடு சேர்த்துப் படித்தவள். அவளுக்கு இதைச் சொன்னால் கிளியையே திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன்.

வெருகலில் இருந்து திருகோணமலைக்கு வேலைக்கு வந்த புதிது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. என்னைவிட வேகமாக அடிக்க இந்த நகரத்தில் ஆளில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் பிழைகளைத் திருத்திக் களைத்த மேலாளருக்கு அந்த நம்பிக்கை இல்லை. தங்குவதற்கு அன்புவழிபுரத்தில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் மரியதாஸ் அண்ணை, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். மனைவி திரேசா அக்கா. பிள்ளைகள் இல்லை. துரை இருந்தது.

துரை என்பது கிளி. சிவந்த பெரிய சொண்டு, தோளில் சிவப்புத் திட்டு. விடிந்தால் அந்த வீட்டில் முதல் தட்டு அதற்குத்தான். அதுவரைக்கும் அடுப்பில் தேநீர்த் தண்ணீர்கூட வைக்கக் கூடாது. முளைவிட்ட பயறு, முருங்கையிலை, பாவற்காயில் ஒரு துண்டு, விதையோடு காரக் கொச்சிக்காய் ஒன்று, பழுத்தும் பழுக்காத பப்பாசி. அந்திக்கு அவித்த சோளன். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அவித்த முட்டையில் கொஞ்சம். உப்புவெளிக் கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓட்டை மரியதாஸ் அண்ணையே பொறுக்கிவந்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டிவிடுவார். மகளுடைய போன் வைத்தியர் சொல்வதில் அரைவாசி அந்த மனிதர் அன்றைக்கே செய்ததுதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

தட்டை அவர் முகர்ந்து பார்ப்பார். சந்தையில் மீன் பார்ப்பது போலக் குனிந்து, நிதானமாக. இலை வாடியிருந்தால் தட்டு சுவருக்குப் போகும். பிறகு கை திரேசா அக்காவின் முகத்துக்குப் போகும். பாரந்தூக்கியின் பிடிகளை நாள் முழுக்க இழுத்த கை அது. ஒரே அடியில் அவ குசினி வாசலில் இருந்து தண்ணீர்க் குடம் வரைக்கும் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். விழுந்த இடத்தில் இருந்தபடியே அவ சிந்திய பயற்றைப் பொறுக்குவா.

ஒரு காலை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் அவரை வெறும் முன்கோபக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். சோளனைக் கிளறிய அகப்பையில் கறியின் உப்பு இருந்திருக்கிறது. முதல் நாள் அந்தி துரை அதைச் சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடித்ததை வைத்து அவர் கண்டுபிடித்தார். உப்புச் சிரட்டையோடு வந்து, அக்காவின் தலைமயிரைப் பிடித்துப் பின்னுக்கு வளைத்து, உப்புக் கல்லை அள்ளி வாய்க்குள் அடைத்தார். அவ திமிறத் திமிறத் தாடையை அமத்திப் பிடித்தார்.

"இப்ப தெரியுதோடி, அந்தச் சீவனுக்கு எப்பிடி இருந்திருக்குமெண்டு?"

நான் ஓடிப்போய் அவருடைய முழங்கையில் தொங்கினேன். பூனைக்குட்டியை எடுத்துவிடுவது போல என்னை எடுத்துவிட்டார். "பிள்ளை, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. வேலைக்கு நேரமாகுது" என்றார். என்னோடு எப்போதும் நீங்கள்தான். அந்த மரியாதையைப் போல என்னை நடுங்கவைத்தது வேறொன்றுமில்லை.

அக்கம்பக்கத்தில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பாமல் இல்லை, சத்தம் எல்லாருக்கும் கேட்கும். ஆனால் "ஒரு குருவிக்கே இவ்வளவு பாக்கிற மனுசன் கெட்டவனா இருப்பானோ பிள்ளை?" என்று கேட்டார்கள். கணவாய் ஓடு பொறுக்குகிறவனைப் பற்றி ஊருக்கு நல்ல அபிப்பிராயம். சாமியாரிடம் போனேன், செபிக்கச் சொன்னார். அக்காவிடமே கேட்டேன். "வெருகலுக்கு வாங்கோ அக்கா, எங்கட வீட்டில இருக்கலாம்."

"நான் போனா துரைக்கு ஆர் பிள்ளை குடுக்கிறது?" என்றா.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிளியைக் கறி வைத்திருப்பேன். பிறகு யோசித்தால், அந்த வீட்டில் அவவைக் கண்டு சிறகடித்துக்கொண்டு ஓடிவருகிற ஒரே உயிர் அதுதான். வாங்கிவருவது அவர், கையால் கொடுப்பது இவ. கிளிக்கு வாங்கிவருகிறவரைத் தெரியாது. அக்காவின் காது மடலை மெல்லக் கோதும். அவர் விரலை நீட்டினால் கிழிக்கும். அவருடைய இரண்டு கையிலும் துரையின் கையெழுத்து இருந்தது.

அதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் அக்கா கூட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது என்று சட்டம் போட்டார். அவ சமைக்கலாம், கொடுப்பது அவர். துரை அவர் கையில் இருந்து ஒரு மணி பயறும் எடுக்கவில்லை. தட்டில் வைத்துவிட்டுப் போனால் தட்டைக் கவிழ்த்தது. நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்திக்கொண்டு வந்தது. அது மெலிய மெலிய அக்காவுக்கு அடி கூடியது. "என்னத்தையடி போட்டுக் குடுக்கிறாய்? நஞ்சோ?" என்று காலையில் ஒன்று, அந்திக்கு ஒன்று. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. இந்த இரண்டில் எது முதலில் சாகும் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. நான் வந்து சேர்ந்தபோது மரியதாஸ் அண்ணை முற்றத்துக் கதிரையில் துரையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். கொய்யாப்பழத்தில் ஒரு துண்டைத் தன் உதட்டில் கவ்விக்கொண்டார். கிளி வளர்க்கிற ஆட்கள் இப்படிச் செல்லம் கொஞ்சுவார்கள். வாயில் இருந்து எடுத்துத் தின்றால் அது தன்னுடைய கிளி என்று அர்த்தம். துரை பார்த்தது. கழுத்தை நீட்டிக் கொய்யாவை எடுத்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். கொய்யாவைக் கீழே போட்டுவிட்டு அது அவருடைய கீழ் உதட்டைப் பிடித்தது.

இழுத்தார். அது விடவில்லை. மறுபடி இழுத்தபோது உதட்டில் ஒரு துண்டு அதனோடு போனது. சட்டை முழுக்க இரத்தம். அவர் கத்தவில்லை, மாடு முக்குவது போல ஒரு சத்தம் வந்தது. துரையின் கழுத்தைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தலையை அடித்து உடைக்கக் கிணற்றுக் கட்டை நோக்கி நடந்தார்.

அக்கா அப்போதுதான் அவித்த சோளன் சட்டியைக் குசினியில் இருந்து கொண்டுவந்தா. தலைமயிரைப் பிடித்தபோதும், கண் மூடிக்கொண்டபோதும், வாயில் உப்பை அடைத்தபோதும் அவ ஒரு கையைக்கூட ஓங்கியதில்லை. சட்டியோடு அப்படியே அவருடைய முதுகில் கவிழ்த்தா. கொதித்த தண்ணீரும் சோளனும் தோளில் இருந்து இடுப்பு வரைக்கும் போனது. அதற்குத்தான் அவர் அலறினார். கை விட்டது. நிலத்தில் கிடந்து துடித்த துரையை அவ அள்ளினா. நான் அவவை இழுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் கிடந்த சந்தைப் பைக்குள் கிளியைப் போட்டோம். சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறிய பிறகுதான் அக்காவின் காலில் செருப்பில்லை என்று கண்டேன்.

வெருகலுக்குத் தரைவழியால் போவதென்றால் அந்த நாளில் ஆறுதோறும் இறங்கிப் பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றுகிற மிதவை. அதைவிட மூதூருக்கு லோஞ்சுப் படகில் போவது சுலபம், குடாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும். கடைசி லோஞ்சு நின்றது. சோதனையில் ஒரு கடற்படைப் பையன் பைக்குள் என்ன என்று விரலை விட்டுப் பார்த்தான். துரை என்னவென்று சொன்னது. அவன் விரலை உதற, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்து எங்களை விட்டுவிட்டார்கள்.

அந்த லோஞ்சுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டாலும், யாராவது கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தால் நிற்கும். அடுத்தது மறுநாள்தானே. அதனால் ஓடிவருகிற ஆளை முதலில் காண்கிறவர் கத்த வேண்டும். அது எல்லாருடைய கடமை. எத்தனையோ முறை எனக்காகக் கத்தியிருக்கிறார்கள்.

நாங்கள் இறங்குதுறையை விட்டு விலகிக்கொண்டிருந்தோம். ஒருவர் வாயில் துவாயைப் பொத்திக்கொண்டு, மறு கையை ஆட்டியபடி ஓடிவந்தார். துறைமுகத்து ஆள் என்பதால் சோதனையில் ஒருவரும் மறிக்கவில்லை.

"ஆள் வருது! ஆள் வருது! நிப்பாட்டுங்கோ!" லோஞ்சு முழுக்கக் கத்தியது. நல்ல சனம், பாவம். சுக்கான் பிடித்திருந்த மூதூர் முஸ்லிம் நாநா எஞ்சினைத் தணித்தார். லோஞ்சு துறையை நோக்கிப் பின்னுக்கு வந்தது.

நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினது ஒருவருக்கும் விளங்கவில்லை. அக்கா எழும்பினா. முகத்தை மூடியிருந்த சேலைத் தலைப்பை எடுத்தா.

"அவர் ஏறினா நான் இறங்கிடுவன் நாநா. கரையில இல்ல. கடலுக்குள்ள."

நாநா அந்தக் கண்ணைப் பார்த்தார். துறையில் நின்றவரைப் பார்த்தார். "நீங்க இரிங்க தங்கச்சி" என்றார். எஞ்சின் முழுமூச்சில் இரைந்தது.

மரியதாஸ் அண்ணை பாய்ந்தார். லோஞ்சின் பக்கத்தில் தொங்கிய டயரை ஒரு கை பிடித்துவிட்டது. தண்ணீரில் இழுபட்டபடி மற்றக் கையையும் கொண்டுவந்தார். கிழிந்த உதட்டுக்குள் பல் தெரிந்தது. என் கையில் குடை இருந்தது. அதன் பிடியால் அந்த விரல்களில் அடித்தேன். தட்டச்சில் நான் காட்டாத வேகத்தையும் திருத்தத்தையும் அங்கே காட்டினேன். எலும்பில் படுகிற சத்தம் கேட்டது. "பிள்ளை" என்றார் அவர் ஒருமுறை. திரும்பவும் அடித்தேன். கை விட்டது. நீந்திக் கரையேறி நின்றதைப் பார்த்தோம். இதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இப்போது எழுதும்போதும் கை துருதுருக்கிறது.

பிறகு கூடை வைத்திருந்த ஒரு உம்மா, பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு விசுக்கோத்து ஒன்றை நீட்டினா.

"குடுக்காதேங்கோ, அதில உப்புக் கிடக்கு" என்றா திரேசா அக்கா. தன் சேலையில் ஒட்டிக்கிடந்த சோளன் மணி ஒன்றைப் பிரித்தெடுத்து, ஊதி ஆற்றிப் பைக்குள் நீட்டினா. அது எப்போதோ ஆறியிருந்தது. துரை அதை எடுத்துத் தின்றது. அதற்குப் பிறகுதான் அவ அழுதா.

மரியதாஸ் ஒருமுறை தேடி வெளிக்கிட்டாராம். ஆனால் கிழிந்த உதட்டோடு ஒரு ஆள் பெண்சாதியைத் தேடுகிறான் என்ற கதை அவருக்கு முன்னால் தண்ணீர் வழியே போய்விட்டது. ஒரு பாதைக்காரரும் அவரை ஏற்றவில்லை. கயிறு அறுந்து கிடக்கு என்றார்களாம், எஞ்சின் பழுது என்றார்களாம். அக்கா எங்கள் வீட்டில் தையல் மெசின் போட்டு இருந்தா. துரை அங்கேயே கிழடாகிச் செத்தது. அக்கா போன வருடம், தன்னுடைய கட்டிலில், வயதாகிக் கண்ணை மூடினா. ஒரு பெண் வயதாகிச் செத்தாள் என்பதை நான் பெருமையாகச் சொல்கிறேன், கவனியுங்கள்.

இப்போது லோஞ்சும் இல்லை, பாதைகளும் இல்லை. ஆறுகளுக்கு மேலால் பாலம் போட்டு, வழவழவென்று வீதி. நல்லதுதான். பாதைக்குக் காத்துக்கிடந்து வயிற்றுப் பிள்ளையோடு செத்தவர்களை நான் அறிவேன். பாலத்தைக் குறை சொல்கிற ஆளில்லை நான்.

எங்கள் தெருவில் சுமதி என்று ஒரு இளம் பிள்ளை. போன மாதம் புருசனுடைய அடி தாங்க ஏலாமல் மூதூரில் இருக்கிற அக்கா வீட்டுக்கு பஸ்ஸில் ஓடினாள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அவன் தரிப்பிடத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றான். பாலத்தால் முந்திவிட்டான். பின்னால் ஏற்றிக்கொண்டு அன்றைக்கே திரும்பி வந்துவிட்டான்.

அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் நான் படலையில் நின்று, அவனுக்கும் கேட்கட்டும் என்று உரத்துக் கூப்பிடுகிறேன். "ஓம் அன்ரி, இருக்கிறன்" என்று அவளுடைய குரல் வரும்வரைக்கும் நகர்வதில்லை. இன்று காலை நிறைய நேரம் நிற்க வேண்டியிருந்தது.