நெற்றி காட்டிய ரோலர்

அண்ணன் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, பழைய துவாய் ஒன்றால் தலை முதல் கால் வரை அடித்த பிறகுதான் உள்ளே விடுவேன். டொலமைட் தூள் அப்படிப்பட்டது. இமைமயிர் வரை வெள்ளையாகி, கோதுமை மா மூட்டைக்குள் விழுந்து எழும்பியவன் போல நிற்பான். என்னைவிட இரண்டே வயது மூத்தவன், கல்யாணம் கட்டாதவன். என் புருஷன் கட்டாருக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டோடுதான் இருக்கிறான். சமைப்பது என் வேலை, அதில் குறை சொல்வது அவன் வேலை.

அவன் வேலை செய்த ஆலை வத்தேகமவுக்கு அப்பால் ஒரு மலை மடிப்பில் இருந்தது. வெட்டி எடுத்த டொலமைட் கல்லை அங்கே உடைத்துத் தூளாக்கி, மூட்டை கட்டித் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். மண்ணின் புளிப்பு குறைய அதைத் தேயிலைக்கு இடையில் தூவுவது வழக்கம். கல்லை உடைப்பவை இரண்டு இரும்பு உருளைகள், ஒவ்வொன்றும் அண்டா பருமன். ஒன்றையொன்று பார்த்து உள்நோக்கிச் சுற்றும். நடுவில் விழும் கல் நொறுங்கிக் கீழே கொட்டும். ஆலையில் எல்லாரும் அதை ரோலர் என்பார்கள். அந்த ரோலருக்கு மேலே நின்று கல் போடுவதுதான் அண்ணனின் வேலை.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். வரைபடம் போடுவேன், வெல்டிங்கும் செய்வேன். பொம்பளைக்கு லேத் பட்டறையில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு முதலில் வாயால் பதில் சொல்லிவிட்டு, பிறகு கையாலும் சொல்லிக் காட்டியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அது தெரிந்துதான் சொல்கிறேன்.

ரோலர் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. பெரிய கல் உள்ளே இறங்காமல் மேலே நின்று ஆடும். அண்ணன் அலவாங்கை, அந்த நீளக் கடப்பாரையை, எடுத்துக் கல்லைக் குத்தி உள்ளே தள்ளுவான். ஒருநாள் வலது கைச் சட்டை தோள் வரை கிழிந்து தொங்க வீட்டுக்கு வந்தான். அலவாங்கு வழுக்கி, ரோலர் சட்டையைப் பிடித்துக்கொண்டதாம்.

"கை தப்பிருச்சி, சட்டதான் போச்சி" என்று சிரித்தான்.

 மறுநாளே பட்டறையில் சொல்லிவிட்டு ஆலை முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம், அதிர்ந்து பேசாத மனிதர்.

"ரோலரக் கழட்டினா ஒரு கெழம வேல நிக்குமே மகள்" என்றார்.

"ஆள் கை போனா எத்தன கெழம நிக்கும் மொதலாளி?"

அவர் கணக்குக் கொப்பியை மூடிவைத்தார். பிறகு ரோலரைக் கழற்றி அனுப்பச் சம்மதித்தார்.

அலவாங்கே தேவைப்படாத ரோலர் வேண்டும். அண்ணனின் கை அந்த இடுக்குக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. என் மனதில் இருந்தது அது ஒன்றுதான். ரோலரைக் கழற்றும் முன்பே பத்து நாள் வரைந்து வரைந்து கிழித்தேன். ரோலரின் மேல் வெல்டிங்கில் எழுப்பும் வரப்பு நேராக ஓடினால் கல் துள்ளும். மீன் முள் போலச் சாய்ந்த வரப்புகள் போட்டால் கல்லைப் பற்றி உள்ளே இழுக்கும். வரப்புகளை நெருக்கமாக வைத்தால் இடையில் கல்தூளே இறுகிப் படிந்து இரும்பைத் தேயவிடாது. தேய்க்க வந்த கல்லையே காவலுக்கு வைக்கும் யோசனை அது. அதை நினைத்து எனக்கே என் முதுகில் தட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது.

வெல்டிங் முடிந்ததும் ஒரு ரோலரை இரண்டு தண்டவாளத் துண்டுகளின் மேல் ஏற்றிப் பார்த்தேன். அது தானாக மெல்ல உருண்டு, ஒரு பக்கம் கீழே வந்ததும் நின்றது. எங்கே விட்டாலும் அதே பக்கம்தான் கீழே போனது. பழைய வார்ப்பு, உள்ளே எங்கோ ஒரு பக்கம் பாரம் கூடுதல்; தேய்ந்த பேரிங்கில் இறுகிச் சுற்றியபோது அது தெரிந்திருக்காது, இப்போது பேரிங்கும் புதுசு. வேகமாகச் சுற்றும் சக்கரமாக இருந்தால் அதைச் சமன் செய்யாமல் விடவே முடியாது. இதுவோ மாட்டு வண்டி வேகத்தில் சுற்றுவது. போதும் என்று விட்டுவிட்டேன். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

புது வரப்பு போட்ட ரோலர் நன்றாகத்தான் வேலை செய்தது. முதல் கல்லை லபக்கென்று விழுங்கியது. அண்ணன் அலவாங்கைச் சுவரில் சாய்த்து வைத்தான், பிறகு அதைத் தொடவேண்டி வரவில்லை. அன்று இரவு என் மீன் குழம்புக்குக்கூட அவன் குறை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் முதலாளியும் லொறிக்காரர்களும் ஜும்ஆ தொழுகைக்குப் போவதால் பதினொன்றரைக்கெல்லாம் ஆலை நின்றுவிடும். அந்த இடைவெளியில்தான் அண்ணனும் மற்றவர்களும் ரோலரைத் துடைத்து, சாம்பிராணி காட்டி, பொட்டு வைப்பார்கள். முதலில் சுவிட்சை அணைத்து, மெயினையும் இறக்கி, ரோலரைச் சுற்றவைக்கும் பெல்ட்டையும் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். அதில் ஒருநாளும் பிசகியதில்லை. பொட்டு ரோலரின் பக்கவாட்டுத் தட்டில், மேல் விளிம்பை ஒட்டி. கல் படாத இடம் என்பதால் அடுத்த வாரம் வரை அழியாது.

புது ரோலர் போட்ட மூன்றாம் வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்து, துவாய் அடிக்குக்கூடக் காத்திராமல் சொன்னான்.

"புள்ள, அது நெத்தியக் காட்டுது."

"எது?"

"ரோலரு. பெல்ட்டக் கழட்டி வச்சதும் தானா சுத்துது. சுத்தி, போன வாரம் பொட்டு வச்ச எடம் மேல வந்ததும் நின்னுக்கிருது. ரெண்டு வாரமா இதேதான். பொட்டு வைய்யின்னு கேக்குற மாதிரி."

நான் சிரித்தேன். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை பட்டறையில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

நாள் முழுக்க இரைகிற ஆலை திடீரென்று நிற்கும்போது வரும் அமைதி நல்ல அமைதி அல்ல. காதுக்குள் ஏதோ இன்னும் அரைந்துகொண்டே இருக்கும். வெள்ளைத் தூள் இறங்காமல் காற்றில் நின்றது. கூரைத் தகர ஓட்டை வழியாக வந்த வெயில் அதற்குள் கம்பு போலத் தெரிந்தது. வெள்ளை முகங்களோடு ஏழு பேர் ரோலரிலிருந்து நாலடி தள்ளி நின்றார்கள். அண்ணன் பெல்ட்டைக் கழற்றினான்.

ரோலர் அசைந்தது. யாரும் தொடவில்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பவர் போல மெல்லத் திரும்பியது. கொஞ்சம் தாண்டிப் போய், திரும்ப வந்து, இன்னும் கொஞ்சம் ஆடி நின்றது. தட்டின் உச்சியில் போன வாரத்துக் குங்குமம், தூளுக்குள்ளிருந்து மங்கலாக எங்களைப் பார்த்தது. காரணம் தெரிந்த எனக்கே கை மயிர் சிலிர்த்தது.

"அதுக்கு உசுரு வந்திருச்சி புள்ள" என்றார் மூட்டை தைக்கும் அக்கா. "நான் இனிமே அது பக்கத்துல போகமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. நான் வளைத்து வளைத்து வெல்டிங் செய்த இரும்புக்கு இவர்கள் உயிர் கொடுப்பதா? குந்தி உட்கார்ந்து, தரைத் தூளில் விரலால் வட்டம் போட்டேன்.

"தண்ணியில போட்ட தேங்கா எப்பவும் ஒரே பக்கந்தானே மேல காட்டும்? பாரமான பக்கம் கீழ போயிரும். இதுவும் அப்பிடித்தான். இந்தப் பக்கம் பாரம், அது கீழ எறங்குது. லேசான பக்கம் மேல வருது. நீங்க மொதத் தடவ பொட்டு வச்சது அந்த லேசான பக்கத்துல. அம்புட்டுத்தான். பேயும் இல்ல, சாமியும் இல்ல."

எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். அக்காகூட எட்டிப் பார்த்தார். அண்ணனுக்கு ஒரே பெருமை. அடுத்தடுத்த வாரங்களில் புதிதாக வரும் லொறிக்காரர்களுக்கெல்லாம் தேங்காய்க் கதையைச் சொல்லி, ரோலரைக் கையால் தட்டிக் காட்டுவானாம். நாலடி தள்ளி நின்றவர்கள் ஓரடிக்கு வந்தார்கள். என் விளக்கம் அவர்கள் பயத்தைப் போக்கிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்தப் பயம்தான் அவர்கள் கைகளை அதுவரை தூரத்தில் வைத்திருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி போனேன், வரப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்க. மலை மூடியிருந்தது. பகல் பதினொன்றரைக்கே ஆலைக்குள் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. சுவிட்ச் அணைந்தது, மெயின் இறங்கியது, பெல்ட் ஆணிக்குப் போனது. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ரோலர் அசையவில்லை.

"என்னா இது, இன்னைக்கி மொகத்தக் காட்டலயே" என்றான் அண்ணன். குனிந்து தட்டைச் சுற்றிப் பார்த்தான். "பொட்டக் காணோம். கீழ கெடக்கு."

அக்கா சாம்பிராணித் தட்டோடு பின்னால் போனார். "வேணாம், இன்னைக்கி விட்ருங்க. அதுக்கு மனசில்ல" என்றார்.

நான் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். இரண்டு ரோலருக்கும் நடுவில் ஒரு கல் சிக்கியிருந்தது, முஷ்டி அளவு. அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"மனசும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. கல்லு சிக்கிக்கெடக்கு. எடுத்து வீசுண்ணே. பெல்ட்டே இல்ல, என்னா பயம்?"

பொட்டு கீழே இருந்தால் பாரம் மேலே இருக்கிறது. தூளில் படம் போட்டு ஏழு பேருக்கு விளக்கியவள் நான். ஒரு கல் மட்டும் தாங்கிக்கொண்டிருந்த அந்தப் பாரம் கீழே வரத்தான் காத்திருக்கிறது என்று அந்த ஒரு நொடியில் எனக்கு நினைவு வரவில்லை.

அவன் வலது கையை உள்ளே விட்டுக் கல்லை அசைத்து எடுத்தான். கால் சுற்றுக்கூட இருக்காது. சத்தமே இல்லாமல் ரோலர் உள்நோக்கித் திரும்பியது. வழுக்காத வரப்பு, நான் போட்ட வரப்பு, அவன் விரல்களைப் பற்றி இழுத்துக்கொண்டது. அவன் கத்தவில்லை. தண்ணீர் கேட்பவன் போல "புள்ள" என்றான். அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். போன வாரத்துக் குங்குமம் உச்சியை நோக்கி ஏறி வந்து, அவன் கை தடுத்த இடத்தில் நின்றிருந்தது.

சுவரில் சாய்த்திருந்த அலவாங்கை நானும் அக்காவும் பிடித்து, ரோலரைப் பின்னுக்குத் தள்ளிக் கையை எடுத்தோம். கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

மூன்றாம் நாள் முதலாளி வந்து கட்டிலருகே நின்றார். என்ன நடந்தது என்று அண்ணனிடம் கேட்டார்.

"மிஷின்தான் இழுத்திச்சி மொதலாளி" என்றான் அண்ணன். "பெல்ட்டு இல்ல, கரண்டு இல்ல. தானா இழுத்திச்சி."

அதுவரை தேங்காய்க் கதையை ஊரெல்லாம் சொன்னவன் அவன். 

"இல்ல மொதலாளி" என்றேன். "ஒரு பக்கம் பாரம். அது எனக்கு ரோலரப் பூட்ட முந்தியே தெரியும். சமன் செய்யாம விட்டது நான். கல்ல எடுக்கச் சொன்னதும் நான்தான்."

அவர் என்னை அவ்வளவு இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க நல்லாப் பயந்து போயிட்டீங்க மகள்" என்றார். "ஊட்டுக்குப் போய்க் கொஞ்சம் சாஞ்சி எழும்புங்க. ஆலையில ஓதித் தண்ணி தெளிக்கச் சொல்லீக்கிறேன்."

தண்ணீர் தெளித்தார்கள். அக்காவின் ஆட்கள் தேங்காயும் உடைத்தார்கள். நான் சண்டை பிடித்து ரோலரைக் கழற்றி வாங்கி, பாரப் பக்கத்தில் துளையிட்டு, விட்ட இடத்தில் நிற்கும் வரை இரும்பைக் குறைத்தேன். இப்போது பெல்ட்டைக் கழற்றினால் அது அசைவதில்லை. நான் பார்க்கப் போனபோது அக்கா அதன் பக்கத்தில் நின்று, "உசுரு போயிருச்சி" என்றார், செத்த வீட்டில் பேசும் குரலில். யாருமே என்னைக் குறை சொல்லவில்லை. திட்டு வாங்கவென்றே போனவளுக்கு அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். இடது கையால் சோற்றைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கரண்டியை நீட்டினால், "கரண்டியால திங்க நான் என்னா தொரையா?" என்றான். அதனால் நானே பிசைந்து ஊட்டினேன். நாலைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே அதிகம். ஒருநாள் மத்தியானம் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே பொய் சொன்னே? ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரியும்" என்றான் மென்றுகொண்டே. "நீதானே படம் போட்டுக் காட்டுனே. பருப்புல உப்பு பத்தல."

"அப்ப ஏன் மிஷினச் சொன்னே?"

அவன் வாயிலிருந்ததை விழுங்கினான். கட்டுப்போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான்.

"மிஷினச் சொன்னா ரெண்டு தேங்கா ஒடச்சாச் சரியாப் போயிரும் புள்ள. ஒன்னச் சொன்னா, நான் யாரு கையால சோறு திங்கிறது?"

சொல்லிவிட்டு வாயைத் திறந்தான். நான் ஊட்டியதில் பாதிச் சோறு அவன் மடியில், அந்தக் கட்டின் மேல் விழுந்தது. மிச்சத்தை வாங்கிக்கொண்டான்.