கன்றின் நிறம்

கோட்டுச்சேரி தாண்டியதும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. கண்டக்டரைத் திட்டி அலுத்துப்போய், எதிரே அரிசி ஆலை வேலியோரம் ஒதுங்குகிறேன். புகைபோக்கியிலிருந்து உமிச்சாம்பல் சட்டையெல்லாம் விழுகிறது.

ஒரு பெண் உம்பளாச்சேரிப் பசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இந்தப் பக்கத்து மாடுதான். ஆனால் வழியெல்லாம் நான் பார்த்தவை ஜெர்சிக் கலப்புகள். மடியை முட்டும் காளைக்கன்று செங்கல் நிறம்.

"கன்னு மட்டும் சிவப்பா இருக்கே?"

"எங்க மாடு பொறக்கையில சிவப்பாத்தாங்க இருக்கும். ஆறேழு மாசத்துல சாம்பலா மாறிடும். இதுக்கு எட்டாச்சு."

பசுவை இவர் முதலில் இதே இனக் காளையிடம் ஓட்டிப் போயிருக்கிறார். அடுத்த மாதமும் அது காளை தேடிக் கத்தியதால், சினை பிடிக்கவில்லை என்று கணவர் மாட்டாஸ்பத்திரியில் ஜெர்சி ஊசி போட்டு வந்துவிட்டார்.

"சினைமாடும் சில நேரம் கத்துங்க," என்கிறார்.

கன்று காளைக்குப் பிறந்ததா, ஊசிக்கா என்று நிறம்தான் சொல்ல வேண்டும்.

"மறுபடி அந்தக் காளைகிட்டயே ஓட்டிட்டுப் போகலாமே?"

"இருந்தது அது ஒண்ணுதாங்க, அதையும் காயடிச்சு வண்டியில பூட்டிட்டாங்க. இது எங்க இனமா இருந்தாத்தான் இந்தப் பக்கத்துக்கு இனிமே காளை."

கன்றின் முதுகில், வால்பக்கம், சாம்பல் பூத்திருப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

"இங்க மாறுது பாருங்க," என்கிறேன். எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறங்கையால் அந்த இடத்தைத் துடைக்கிறார். ஆலைச் சாம்பல் கையோடு வருகிறது. அடியில் அதே செங்கல் நிறம்.