தோளில் பதிந்த பற்கள்

யாரையும் நம்ப வைப்பதற்காக இதை எழுதவில்லை. நம்பாதவர்கள் என் இடது உள்ளங்கையை வந்து பார்க்கலாம். பதினோரு தையல். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் பல்செட் செய்பவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள்; அதை வைத்து நான் பல் செய்து கொடுப்பேன். பதினாறு வருடத் தொழில். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாரத்தில் மூன்று நாள் இரவு வேலை. ஒரே மகள், ஐந்து வயது. வீட்டில் அவளைச் சிட்டு என்போம்.

புது வாடகை வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள் ஆரம்பித்தது. இரண்டாவது மாடி. சின்ன அறையைச் சிட்டுவுக்குக் கொடுத்திருந்தோம். அலறல் கேட்டு நானும் மனைவியும் ஓடினோம். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அவள் காதில் ஏறவே இல்லை. தூக்கப் போன என் வாயில் எட்டி உதைத்தாள். உதடு கிழிந்துவிட்டது. ஏழு நிமிடம் கத்தினாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலச் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

காலையில் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா விழுந்த?" என்று கேட்டாள்.

குழந்தைகள் டாக்டரிடம் போனோம். பொறுமையான மனிதர். இது கெட்ட கனவு இல்லை என்றார். கெட்ட கனவு பெரும்பாலும் விடியும் நேரத்தில் வரும். குழந்தை முழித்துக்கொள்ளும், அம்மாவைத் தேடும், என்ன கண்டது என்று சொல்லும். இது வேறு. தூங்கி ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் வரும். கண் திறந்திருந்தாலும் குழந்தை முழித்திருக்காது. பெற்றவர்களையே அடையாளம் தெரியாது. காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. உலுக்கி எழுப்பக் கூடாது, அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், வளர வளரத் தானாகப் போய்விடும். நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னார்.

"ராத்திரி பயந்தது நீங்க ரெண்டு பேருதான். அவ நிம்மதியாத் தூங்கியிருக்கா" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு வந்தோம்.

நோட்டில் குறித்தேன். 10.40. மறுநாள் 10.40. அதற்கு மறுநாளும் 10.40.

ஏழரைக்கே தூங்க வைத்துப் பார்த்தேன். 10.40. ஒருநாள் பத்தேகால் வரை விழித்திருந்தாள். அன்றும் 10.40.

தூங்கும் நேரம் மாறினால் இதுவும் மாறும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் கவனித்தேன். கத்தும்போது அவள் என்னைப் பார்ப்பதில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தாள். கையையும் காலையும் அங்கேதான் வீசினாள். நான் நடுவில் நின்றதால் அடி என் மேல் விழுந்தது.

கத்தல் ஆரம்பித்துப் பன்னிரண்டாம் இரவு. அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். முதுகில் சுரீரென்று ஒரு வலி. நகத்தால் கீறிவிட்டாள் என்று நினைத்தேன்.

காலையில் சட்டையில் ரத்தம். மனைவி என் வலது தோளின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, சிட்டு கடித்திருக்கிறாள் என்றாள். நானும் சரி என்று வேலைக்குப் போய்விட்டேன்.

மதியம்தான் உறைத்தது. சிட்டு என் முன்னால் இருந்தாள். அவள் தலை என் கழுத்துக்குக் கீழே இருந்தது. எப்படி எட்டும்?

கூட வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டு, காயத்தின் அகலத்தை அளக்கச் சொன்னேன். ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை முப்பத்தாறு மில்லிமீட்டர். சாயங்காலம் விளையாட்டுப் போல சிட்டுவின் வாயை அளந்தேன். இருபத்தொன்பது.

முப்பத்தாறு என்பது வளர்ந்த ஆளின் வாய்.

மனைவியிடம் சொன்னேன். நாளை இரவு வேலை முடிந்ததும் லீவு போட்டுவிடுவதாகவும், வேறு வீடு பார்க்கலாம் என்றும் சொன்னாள். சிட்டுவை எங்கள் அறையில் படுக்க வைத்தோம். அன்றிரவு எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். சிட்டு எங்கள் கட்டிலில் தூங்கினாள். நான் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டேன். பின்னால் எதுவும் நிற்க இடமில்லை. வலது கையில் டார்ச். இடது கை தரையில்.

10.38. தெருவில் ஒரு பைக் போனது.

10.39. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

10.40.

சிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. அதுதான் முதல் தடவை.

என் தோளுக்கு மேலே பார்க்கவில்லை. தரையில் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"அப்பா... கைய எடு."

எடுப்பதற்குள் கடித்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து. எலும்பு வரை இறங்கியது. நரநரவென்ற சத்தம் எனக்கே கேட்டது. இழுத்தேன். அதுவும் இழுத்தது. தோள் வரை கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். நெற்றி இரும்புச் சட்டத்தில் மோதிப் பிளந்தது. கண்ணுக்குள் ரத்தம்.

டார்ச்சால் குத்தினேன். மறுபடி... மறுபடி... ஏதோ நொறுங்கியது. கண்ணாடி உடைந்து வெளிச்சம் அணைந்தது. பிடி தளரவில்லை. விரல்களில் ஈரமான ஈறு தட்டுப்பட்டது. சூடான மூச்சு.

சிட்டு கீழே குதித்தாள். கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தாள். இரண்டு முஷ்டியாலும் அடித்தாள்.

"விடு... எங்கப்பாவ விடு..."

தம்... தம்... தம்...

இத்தனை நாளும் அவள் அடித்தது என்னை இல்லை.

பிடி விட்டது.

மூச்சுச் சத்தம் நின்றது.

10.47.

சிட்டு கட்டிலில் ஏறினாள். தலையணையைச் சரிசெய்தாள். தூங்கிவிட்டாள்.

விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை... என் ரத்தம் மட்டும்.

மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே போனோம். தையல் போட்ட டாக்டர், மனிதக் கடி என்று எழுதிவிட்டு என் மனைவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சிட்டு என் கைக்கட்டைப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டாள். அவளுடைய முஷ்டிகள் வீங்கியிருந்தன. எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டே நாளில் வீட்டைக் காலி செய்தோம். புது வீட்டில் சிட்டு ஒருநாள்கூடக் கத்தவில்லை.

சாவியைக் கொடுக்கப் போனபோது, கீழ் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்கா என் கையைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்களுக்கு முன்பு அங்கே ஒரு லாரி டிரைவர் குடும்பத்தோடு இருந்தாராம். அவர் மனைவி ஊருக்குப் போயிருந்த ஓர் இரவு, மேலே சாமான்கள் உருளும் சத்தம் கேட்டிருக்கிறது. காலையில் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. டிரைவர் செத்துக் கிடந்தார். கை, முதுகு, கழுத்து எல்லாம் பல் பதிந்த காயம்.

அவரோடு வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"அவரு பொண்ணு மட்டும்தான் தம்பி. பக்கத்துல படுத்து நல்லாத் தூங்கிட்டு இருந்துச்சு."

போலீஸ் அந்தப் பெண்ணை விசாரிக்கவில்லையா என்றேன்.

அக்கா மிஷினை நிறுத்தினார்.

"யாரப் போய் விசாரிப்பாங்க? அஞ்சு மாசக் குழந்தை. ஒரு பல்லுகூட முளைக்கல."