மருமகனின் வலது கால்

மருமகனிடம் நான் நேராகப் பேசியதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்துப் பதினைந்து வருஷமாகியும், எதுவானாலும் மகள் வழியாகத்தான். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் கூச்சம். அதனால் காரில் போகும்போது அவர் காலைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு வாரம் ஒரு தடவை சிவகாசியிலிருந்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மருமகனுக்கு அச்சுத் தொழில். அப்போது காலண்டர் சீசன். போகிற போக்கில் லோடும் ஏற்றிக்கொள்வார். பின்சீட்டில் எனக்கு வலப்பக்கம் கூரை முட்டக் காலண்டர் கட்டுகள். இடப்பக்கம் கதவு. அது உள்ளேயிருந்து திறக்காது. பேரன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது போட்ட பூட்டு. அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், பூட்டு அப்படியே இருக்கிறது. ஏ.சி.க்காகக் கண்ணாடியும் ஏறியிருக்கும். கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதலில், வண்டி நிற்கும்போது மட்டும் கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த வாரம் அது கரண்டியால் சட்டியைச் சுரண்டுவது போல ஆனது. அதற்கடுத்த வாரம் அவர் கால் மிதிக்கிற விதமும் மாறியது. முன்பு லேசாக அழுத்தினாலே வண்டி நிற்கும், இப்போது பிரேக்கை ஆழ மிதிக்க வேண்டியிருந்தது. சில நேரம் காலை எடுத்து எடுத்து இரண்டு தடவை மிதித்தார். மகளிடம் சொன்னேன்.

"சீசன் முடியட்டும்மா, சர்வீசுக்கு விடுவாக" என்றாள்.

அன்றைக்கு ஆமத்தூர் பக்கம் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நாங்கள் ஒரு முழ இடைவெளியில் நின்றோம். கருகல் வாடை அடித்தது.

"என்னமோ கருகுதுன்னு சொல்லு" என்றேன் மகளிடம்.

"நம்ம ஊருப் பக்கம் கருகல் வாட வராம மல்லிகப்பூ வாடையா வரும்?"

"அவுக ரெண்டு தரம் மிதிக்காக. என்னன்னு கேளு."

மகள் சிரித்தாள். "இங்க பாருங்க, எங்கம்மா உங்க கால விட்டுக் கண்ணெடுக்கல. கல்யாணத்துலகூட உங்களுக்கு இம்புட்டுப் பாதபூசை நடக்கல."

மருமகன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட். மூடியிருந்தால் வரிசையாக லாரிகள் நிற்கும். முன்சீட்டில் என் மகள் இருக்கிறாள். திறக்காது என்று தெரிந்தும் கதவை இழுத்துப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை, வண்டிய நிப்பாட்டுங்க. நான் எறங்கணும்."

யாரோ பேசியது போலிருந்தது எனக்கு. பாட்டு நின்றது. ஓரங்கட்டுவதற்காக அவர் மிதித்தார். கால் அடியில் போய் முட்டியது. வண்டி உருண்டுகொண்டே போனது. கை பிரேக்கை இழுத்து ஒரு வேலிக்கருவைப் புதருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

இருவரும் இறங்கினார்கள். போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். நான் உள்ளேயே இருந்தேன். கண்ணாடியைத் தட்டலாம் என்று கையைத் தூக்கினேன், தட்டவில்லை. ஜாக்கியோடு குனிந்த மெக்கானிக்தான் என்னைப் பார்த்தார்.

"உள்ள ஆள வச்சுக்கிட்டா வண்டியத் தூக்கச் சொல்றீக?"

மகள் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாள்.

சக்கரத்தைக் கழற்றி அவர் எடுத்துக் காட்டிய பிரேக் பேட், தேய்ந்து வெறும் தகடாக இருந்தது. "இரும்பும் இரும்பும் உரசியிருக்கு அண்ணாச்சி. பிரேக் ஆயிலும் வத்தி அடிமட்டத்துல கெடக்கு. ஒரு மாசமா கத்தியிருக்குமே, காதுல விழலையா?"

மருமகன் என் பக்கம் திரும்பினார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.

வேலை முடிந்து ஏறும்போது மகள் வெளியிலிருந்து என் கதவைச் சாத்தினாள். கொஞ்ச தூரம் போனதும் மருமகன் கேட்டார்: "அத்தே, இப்ப மிதி சரியா இருக்கா? பாத்துச் சொல்லுங்க."

கால் பாதி இறங்குவதற்குள் வண்டி நின்றது.

"சரியா இருக்குன்னு சொல்லு" என்றேன் மகளிடம்.